இந்தத் தடவை அணைந்துவிடக் கூடாது

அன்பு மகள் பட்டுவுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றி இப்போதே கேட்காதே, அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதப் போகிறேன். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்கம்மா கடிதம் என்பாய். போனில் சொன்னால் நீ வரிக்கு வரி குறுக்கே கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், அப்பா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆகவே கடைசி வரி வரை படி, பாதியில் போனைத் தூக்கினால் நான் எடுக்க மாட்டேன்.

கம்ப்யூட்டர் சரியில்லை, அதனால் முகம் பார்த்துப் பேச முடியவில்லை என்று உன்னிடம் வாராவாரம் சொல்லி வந்தேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இதுதான். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு மழை நாள் காலையில் அப்பா ஓட்டிய பஸ் ஒரு அம்மாவின் மேல் மோதிவிட்டது. அவர் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்து வளைவில் குடை பிடித்துக்கொண்டு நடைபாதையிலிருந்து இறங்கியிருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத மனிதர் உன் அப்பா. அன்றைக்கே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், விசாரணை முடிகிற வரைக்கும். அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறவில்லை, பயணியாகக்கூட. காய்கறிக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தே போய் வருகிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், இப்போது அந்தச் சத்தியத்தை நான் உடைக்கிறேன், பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

விசாரணை அலுவலகம் இங்கிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். டீச்சரால் படுக்கையை விட்டு வர முடியாது, எனவே எல்லாரும் கம்ப்யூட்டரிலேயே முகம் காட்டிப் பேசலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். கைப்பேசியில் வரக் கூடாது, முகமும் மேஜையும் முழுதாகத் தெரிய வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. நம் வீட்டில்தான் நீ வாங்கிக் கொடுத்த பெட்டி இருக்கிறதே, என்ன கவலை என்று நினைத்தோம். முதல் தடவை மூன்று அதிகாரிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள், டீச்சர் இன்னொரு கட்டத்தில் படுத்திருந்தார். பேர், ஊர், எத்தனை வருஷம் வேலை என்று கேட்டார்கள், அப்பா நன்றாகத்தான் பதில் சொன்னார். பிறகு அந்தக் காலையில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். மழை, வளைவு, குடை என்று சொல்லிக்கொண்டே வந்தார், படக்கென்று திரை கறுத்தது. அப்புறம் தானாகவே உயிர் வந்து, முதலிலிருந்து தொடங்கியது. அது எழுந்து, கடவுச்சொல் கேட்டு, அப்பா ஒரு விரலால் தட்டி முடிப்பதற்குள் அங்கே கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அதே கதை, அதே இடம். அதற்கப்புறம் ஒரு கடிதம் வந்தது பார். இரண்டு முறையும் முக்கியமான கேள்வியின்போது தாங்கள் இணைப்பைத் துண்டித்திருக்கிறீர்கள், மூன்றாவது முறையும் அப்படி நேர்ந்தால் சொல்வதற்குத் தங்களிடம் பதில் இல்லை என்று கொண்டு, காகிதங்களை வைத்தே முடிவு செய்யப்படும் என்று. அந்தக் காகிதங்களில் என்ன இருக்கிறது தெரியுமா? பின் சீட்டருகே நின்ற ஒருவர், டிரைவர் பிரேக் போட்ட மாதிரியே தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். அதை வைத்து முடிவு செய்தால் வேலை போகும், லைசென்ஸ் போகும், அதைவிட, கவனமில்லாமல் ஒரு பெண்ணை இடித்தவர் என்ற பேர் நிற்கும். மூன்றாவது தடவை நாளைக்குக் காலை பத்து மணிக்கு. இந்தப் பெட்டி இன்னும் சரியாகவில்லை. இப்போது அதன் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ரிப்பேர் பார்க்காமல் இல்லை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர், எங்களை விட நாலைந்து வயது சின்னவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற ஆள். மூன்று முறை வந்துவிட்டார். முதலில் பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி நூல்தூசியை எடுத்தார். நான் தைக்கிற அறையில்தானே அது இருக்கிறது, என் நூலெல்லாம் அதன் வயிற்றில். சூடு தாங்காமல் அணைந்திருக்கும் என்றார், எனக்கு அப்படியே உயிர் போய்விட்டது, என் தையலால் அப்பா பிழைப்பில் மண் விழுந்ததோ என்று. துடைத்த பிறகும் அணைந்தது. அடுத்து மெமரி என்று ஒரு பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். அணைந்தது. வைரஸ் என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார், அதில் குட்டியின் முதல் பிறந்தநாள் படங்களும் போயின, உன்னிடம் இருந்தால் அனுப்பி வை. அப்புறமும் அணைந்தது. சரியென்று கடைக்கே தூக்கிக்கொண்டு போய் நாலு நாள் ஓடவிட்டார். அங்கே ஒரு தடவைகூட அணையவில்லை! மாமியார் வீட்டில் சமர்த்து, பிறந்த வீட்டில் அடம் என்பது போல. திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெட்டியில கோளாறு இல்லக்கா, உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு, எப்ப அணையுது, அப்ப வீட்டுல என்ன ஓடுது, யாரு உக்காந்திருக்காங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க என்று சொல்லிப் போனார்.

அளவு எடுக்கிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஃபிரிட்ஜ் ஓடியபோது அணைந்ததா, இஸ்திரிப்பெட்டி போட்டபோதா, மோட்டார் ஓடியபோதா என்று ஒன்று விடாமல். எழுதி முடித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை, ஒன்றைத் தவிர. நான் உட்கார்ந்தால் அணையவே இல்லை. ரிப்பேர்காரர் உட்கார்ந்தால் இல்லை. அப்பா சும்மா சீட்டு ஆடினால்கூட இல்லை. நாளைக்கு எப்படிச் சொல்லப் போகிறோம் என்று தனக்குத் தானே பேசிப் பார்க்கிறாரே, அப்போதுதான். இந்த வாரத்தில் ஐந்து முறை, ஐந்தும் அப்படித்தான்.

இதற்கு மேல் எழுதக் கூசுகிறது, எழுதாமலும் இருக்க முடியவில்லை. நேற்று அந்த நோட்டை அவர் முன்னால் வைத்து, நீங்களேதான் அணைக்கிறீங்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டே விட்டேன் பட்டு. ஏனென்றால் எனக்குத் தெரியும், அந்த இடத்துக்கு அப்பால் பேச அவரால் முடியவில்லை. பிரேக் போட்டேன்னு சொல்லிடுங்களேன் என்று முதல் நாளிலிருந்தே சொல்கிறேன், போட்டேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் வரலை, தெரியாததை எப்படிடி சொல்றது என்கிறார். குடை தெரிந்தது ஞாபகம் இருக்கிறதாம், கீழே இறங்கி ஓடியது ஞாபகம் இருக்கிறதாம், நடுவில் ஒன்றும் இல்லையாம். அதனால் பயந்துபோய் இவரே எங்கேயோ பித்தானை அமுக்கிவிடுகிறாரோ என்று எனக்குள் ஒரு நினைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்று காலையும் டீயைத் தொடவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் போடாத சண்டையா, ஆனால் இப்படி ஒரு மௌனம் இந்த வீட்டில் இருந்ததில்லை. இதோ ரிப்பேர்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், மீதி அப்புறம்.

மணி சாயங்காலம் ஐந்தரை. ரிப்பேர்காரரிடம் நோட்டில் உள்ளதைப் படித்துக் காட்டினேன், அப்பாவையே சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டதையும் சொன்னேன். அவர், அக்கா, அது பட்டுனு அணைஞ்சு தானா வருதுன்னா கரண்ட் கண்ண மூடித் தொறக்கிற நேரம் விட்டுப்போகுதுன்னு அர்த்தம், நாளைக்கு எப்படி உக்காந்து பேசுவாரோ அச்சு அசலா அப்படியே பேசச் சொல்லுங்க, நீங்க மேஜைக்கடியில போயி ஒயரையே பாத்துக்கிட்டு இருங்க என்றார். நாலு மணிக்கு ஒத்திகை வைத்தோம். நம் கம்ப்யூட்டர் மேஜைக்கு நான் பூப்போட்ட துணியைத் தரைவரைக்கும் தொங்கவிட்டுத் தைத்திருக்கிறேனே, அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு இந்த இடுப்பு வலியோடு உள்ளே நுழைந்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய். யூபிஎஸ் பேட்டரி போய்க் கீச்கீச்சென்று கத்துகிறது என்று போன வருஷம் கழற்றிப் பரணில் போட்டோம், அதற்குப் பதிலாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கிறது. அதன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

மேலே அப்பா பேச ஆரம்பித்தார். ஏழே முக்கால் மணி, மழை, வண்டியில் நாற்பது பேர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வளைவு வந்தது, குடை தெரிந்தது என்று சொன்னார், அப்போது அவருடைய வலது கால், செருப்பில்லாத வெறுங்கால், குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதம் முழுதாக நிமிர்ந்து, அப்படியே அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மேல் இறங்கியது. மெல்ல வைத்ததல்ல. தொடையிலிருந்து வந்த அழுத்து. பாக்ஸின் மூடி ஏற்கெனவே விரிசல், அது உள்ளே குழிந்தது, விளக்கு சிமிட்டியது, மேலே கம்ப்யூட்டர் அணைந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முப்பது வருஷமாகத் தையல் மெஷினை மிதிக்கிறவள் நான், சும்மா கிடக்கிற கால் எது, வேலை செய்கிற கால் எது என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வேலை செய்கிற கால். அவர் முகத்துக்கே தெரியாமல் அந்தக் கால் பிரேக் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. போன மாதம், நாம் கடைசியாக முகம் பார்த்துப் பேசிய ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை கார் ஓட்ட, நீ சாலையைக் காட்டிக்கொண்டே பேசினாய், குறுக்கே ஒரு லாரி வந்ததும் எங்கள் பக்கம் எல்லாம் அணைந்தது, நெட் சரியில்லைம்மா என்றாய். நெட்டும் இல்லை, கிட்டும் இல்லை, உங்கள் காருக்கும் சேர்த்து இங்கேயிருந்து உன் அப்பாதான் பிரேக் போட்டிருக்கிறார்.

மேஜைக்கடியிலிருந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்து, உங்க காலுதாங்க, உங்க காலுதான் என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. துணியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், அவர் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னார், அப்போதும் அது போயிற்று, போவதை அவரே பார்த்தார். பாத்தீங்களா, அன்னைக்கும் இப்படித்தான் போட்டிருப்பீங்க, காலுக்கு ஞாபகம் இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல என்றேன் சந்தோஷத்தில். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு, இல்லடி, அன்னைக்குப் போடாததாலதான் இப்ப போட்டுப் போட்டுப் பாக்குதோ என்னமோ என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன், நீயே சொல். நேத்து அப்படிக் கேட்டது என் தப்பு, மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொன்னேன். நீ கேட்டதுல தப்பில்ல, நாந்தானே அணைச்சிருக்கேன் என்றார். ரிப்பேர்காரர் உடனே கடையைப் பூட்டிக்கொண்டு வந்து, புதுசாக ஒரு பாக்ஸை மேஜையின் மேல் வைத்து, ஒயரையெல்லாம் சுவரோடு ஒட்டிவிட்டுப் போனார். கண்ணாடியை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி இனி அணையாது. அணையாவிட்டால் அவர் அந்த இடத்தைத் தாண்டிப் பேச வேண்டும், இப்போது எனக்கு அந்தப் பயம்தான்.

மறுநாள் மத்தியானம் எழுதுகிறேன். எல்லாம் முடிந்தது, நடந்தது நடந்தபடியே சொல்கிறேன், பதறாதே. பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நான் கேமராவில் படாமல் அலமாரி ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மேஜைத் துணியை எடுத்துவிட்டேன், எனக்குக் கால் தெரிய வேண்டும். நடு அதிகாரி, வயதான அம்மா, இன்றாவது முழுசாகப் பேசுவீர்களா என்று குத்தலாகத்தான் ஆரம்பித்தார். அப்பா எங்கள் வீட்டு ஒயரில் கோளாறு, இப்போது சரி என்று மட்டும் சொன்னார், காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம், ஆனால் உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. மழை சொன்னார், வளைவு சொன்னார், குடை சொன்னார். கால் போயிற்று, வெறும் தரையில். பிடித்து நிறுத்தலாமா என்று கை துடித்தது, மிதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திரை அணையவில்லை. எல்லாரும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் திரையையே பார்க்கிறார், அது அணைந்துவிடும் என்று இவரும் எதிர்பார்த்தாரோ என்னவோ. அப்புறம் ஒரு பெரிய மூச்சு விட்டு, அதுக்கு மேல எனக்கு ஞாபகமில்லைங்கம்மா, பிரேக் போட்டேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனா தெரியாம சொல்ல மாட்டேன், அந்த டீச்சரம்மா நடக்கணும், அது போதும் என்று சொல்லி நிறுத்திவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு, இந்த மனுஷனின் நேர்மையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று மனசுக்குள் திட்டினேன்.

அப்போது டீச்சர் பேசலாமா என்று கேட்டார். காலை ஸ்டூலில் நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வகுப்பில் பேசுகிற குரல், கணீரென்று. ரெண்டு தடவையும் இவர் பேசி முடிச்சதும் நான் பேசணும்னு காத்திருந்தேன், ரெண்டு தடவையும் நடுவுல போயிட்டார், என் மூஞ்சியப் பாக்கப் பயந்துதான் போறார்னு எனக்கு ரொம்பக் கோபம் என்றார். பிறகு சொன்னதைத்தான் பட்டு நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். குடை மறைச்சிருந்ததால நான் பஸ்ஸைப் பாக்கவே இல்ல, கிறீச்சுனு பிரேக் சத்தம் காது கிழியற மாதிரி கேட்டுச்சு, அதுக்குத்தான் திரும்பினேன், திரும்பினதால ஒரு எட்டு பின்னால வச்சேன், இடுப்புக்குக் கீழ பட்டுச்சு, அந்தச் சத்தம் மட்டும் வரலைன்னா இன்னைக்கு இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கியபோது இதை ஏன் சொல்லவில்லை என்று அந்த நடு அதிகாரி கேட்டார். வலி மருந்தில் கிடந்தேன், எங்கே அடிபட்டது என்றுதான் கேட்டார்கள், காதில் என்ன விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை என்றார். ஏழு வாரமாக நாங்கள் தேடியது அந்தப் பெண்ணின் காதில் இருந்திருக்கிறது, அதை வெளியே வரவிடாமல் இரண்டு முறை தடுத்தது இவர் கால். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, அதே சமயம் எழுந்து அந்தத் திரையைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

முடிவை இரண்டு வாரத்தில் எழுத்தில் அனுப்புவார்களாம். அந்த அதிகாரி அம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, சாதகமாக வரும் என்று நானும் உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் டீச்சர் சொன்னதை வரிக்கு வரி எழுதிக்கொண்டார், திரும்பவும் படித்துக் காட்டிச் சரியா என்று கேட்டார். கூட்டம் முடிகிற நேரம் அப்பா, கால் எப்படி இருக்குங்கம்மா என்று டீச்சரைக் கேட்டார். அடுத்த மாசம் ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போவேன், பிள்ளைங்க கேலி பண்ணும், பரவாயில்லை என்றார். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்பா வெறும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவராகவே, பசிக்குதுடி என்றார். இரண்டு தட்டு சாப்பிட்டார், நான் சமைத்ததில் உப்பு இல்லை என்று குறையும் சொன்னார். ஏழு வாரத்துக்குப் பிறகு கேட்ட குறை, காதுக்கு இனிமையாக இருந்தது.

இப்போது உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே, வேலையைப் பார், குட்டியைப் பார். மாப்பிள்ளை மழையில் வண்டி ஓட்டினால் வளைவுகளில் நிதானமாகப் போகச் சொல், இதை உன் அம்மா சொன்னதாகவே சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பா எடுப்பார், தெரியாதது போல நடிக்காதே, அவர் நடிப்பைக் கண்டுபிடித்துவிடுவார், நேராகக் கேள், சொல்லுவார். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நன்றாக இருங்கள். குட்டியின் பிறந்தநாள் படங்களை மறக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறிய உன் அம்மா

பட்டு, அம்மா எழுதியதையெல்லாம் படித்தேன். உறையை ஒட்டுவதற்கு முன்னால் எனக்கும் ஒரு வரி இடம் கொடுத்திருக்கிறாள். நான் பிரேக் போட்டிருக்கிறேன் பட்டு.
அப்பா